கடைமடை வரை

(உரைநடை)

நுழையும் முன்

ஒரு கல்லூரி பல ஊர்களில் வளாகங்களைக் கொண்டிருக்குமாயின், அவற்றை ஒன்றாக இணைப்பது பெயர்ப்பலகை மட்டுமன்று. கணினி வலையமைப்பும் ஆகும். அவ்வலையமைப்பைப் புதுப்பிக்கும்போது பணியை எங்கே தொடங்குவது, அதன் வெற்றியை எங்கே நின்று அளப்பது என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. வேளாண்மை சார்ந்த ஒரு தமிழ்ச் சொல்லின் துணையுடன் அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஒரு சொல்

மாணவர்களே! ‘கடைமடை’ என்னும் சொல்லை நீங்கள் கேட்டதுண்டா? தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் உங்களுள் பலர்க்கு இது புதிய சொல்லாக இருக்கலாம். ஆயினும் காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து வந்த பெரியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருப்பின், இச்சொல்லைக் கேட்டவுடன் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

‘மடை’ என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் வழி. ‘கடை’ என்பது இறுதி. எனவே கடைமடை என்பது பாசன வாய்க்காலின் இறுதியில் உள்ள மடையைக் குறிக்கும்; அம்மடையால் நீர் பெறும் நிலப்பகுதியையும் குறிக்கும். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் சூன் 12. அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் முதலியனவாகப் பிரிகிறது. பின்னர்ச் சிற்றாறுகளாகவும் வாய்க்கால்களாகவும் மேலும் மேலும் பிரிந்து கடலோரத்தை நோக்கிச் செல்கிறது. நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளின் வயல்கள் இந்நீர்ப் பாதையின் இறுதியில் அமைந்தவை.

அணை திறந்த செய்தி நாளேட்டின் முதற்பக்கத்தில் வரும். ஆனால் அப்பகுதி உழவர் கேட்கும் கேள்வி வேறு: “கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?” அணையில் நீர் நிறைந்திருப்பது மட்டும் போதாது, இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்திருந்தாலும் ஒரு மதகு பழுதுற்றிருந்தாலும் கடைசி வயல் காய்ந்துபோகும். ஆதலால் பாசனத்தின் வெற்றியை அணையில் நின்று அளப்பதில்லை. கடைமடையில் நின்றே அளக்கின்றனர்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு கணினி வலையமைப்பை நோக்குவோம்.

2. கடலால் பிரிந்த கல்லூரிகள்

பல வளாகங்களை இணைக்கும் தேவை புதியதன்று. பசிபிக் பெருங்கடலில் உள்ள அவாய் ஒரு தீவுக்கூட்டம். அங்குள்ள அவாய்ப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஒரு தீவிலும், அதனைச் சார்ந்த கல்லூரிகள் பிற தீவுகளிலுமாகப் பரவியிருந்தன. பெரிய கணினியோ தலைமை வளாகத்தில் இருந்தது. ஏனைய இடங்களில் உள்ளோர் அதனைப் பயன்படுத்துவது எவ்வாறு? தொலைபேசிக் கம்பிகளை நாடினால் செலவு மிகுதி. தரமும் நம்பத்தக்கதாக இல்லை.

நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் வானொலி அலைகளைப் பயன்படுத்த முடிவுசெய்தனர். 1971ஆம் ஆண்டு சூன் மாதம் அவர்களது வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. ‘அலோகாநெட்’ என்பது அதன் பெயர். தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையில் எல்லா நிலையங்களும் அனுப்பின. இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் பொட்டலங்கள் மோதிச் சிதையும். அப்போது என் செய்வது? ‘கிடைத்தது’ என்னும் மறுமொழி வாராவிடில், ஒவ்வொரு நிலையமும் தன் விருப்பம்போல் ஒரு சிறு கால அளவு காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். இருவர் காத்திருக்கும் நேரமும் வேறுவேறாக இருக்கும் வாய்ப்பே மிகுதியாதலின், மீண்டும் மோதும் வாய்ப்புக் குறையும். இவ்வெளிய விதியே அவ்வலையமைப்பின் உயிர்.

இராபர்ட் மெட்காஃப் என்னும் அறிஞர் இவ்விதியைப் படித்து, அதனை மேலும் திருத்தி, 1973ஆம் ஆண்டு ‘ஈதர்நெட்’ என்னும் முறையை உருவாக்கினார். இன்று உங்கள் பள்ளிக் கணினி அறையில் கணினிகளை இணைக்கும் கம்பிவடம் ஈதர்நெட் முறையைச் சார்ந்தது. தொலைவில் இருந்த கல்லூரிகளும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணத்திலிருந்து பிறந்த கருத்தே, இன்று உலகெங்கும் கணினிகளை இணைக்கிறது.

3. நம் நாட்டில்

இந்தியாவில் கல்வி நிறுவனங்களை இணைக்கும் முயற்சி 1986ஆம் ஆண்டு ‘எர்நெட்’ என்னும் திட்டமாகத் தொடங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், சென்னை உள்ளிட்ட ஐந்து ஊர்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் அதில் முதலில் பங்கேற்றவற்றுள் அடங்கும். பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாளில்தான். அதற்கு முன்னரே இக்கல்வி நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன.

பின்னர் 2010ஆம் ஆண்டு ‘தேசிய அறிவு வலையமைப்பு’ என்னும் பெருந்திட்டத்திற்கு நடுவணரசு ஒப்புதல் வழங்கியது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் அதிவேக ஒளியிழையால் இணைப்பது இதன் நோக்கம். இதனையொட்டிய கல்வித் திட்டம் ஒன்றில் பல்கலைக்கழகங்களுக்கு நொடிக்கு 1 கிகாபிட் வேகமும், கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றும் நொடிக்கு 512 கிலோபிட் வேகமுடைய இணைப்புகள் சிலவும் வகுக்கப்பட்டன. ஒரு கிகாபிட் என்பது 512 கிலோபிட்டைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு. அக்காலத்தில் அவ்விணைப்பு பல கல்லூரிகளுக்குப் பெரும்பேறாக இருந்தது உண்மை. ஆயினும் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு எண்களே காட்டிவிடுகின்றன.

தெரிந்து தெளிவோம்

கணினியில் தகவலின் மிகச் சிறிய அலகு பிட். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். கோப்பின் அளவைப் பைட்டிலும் இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் குறிப்பது வழக்கம். 5 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு 40 மெகாபிட் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதனை இறக்க, குறைந்தது 4 நொடிகள் வேண்டும்.

4. புதுச்சேரியிலிருந்து அந்தமான் வரை

புதுவைப் பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற நடுவண் பல்கலைக்கழகம். அதன் முதன்மை வளாகம் புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் உள்ளது. மற்றொரு வளாகம் காரைக்காலில் உள்ளது. இன்னொன்று வங்கக் கடலுக்கு அப்பால், அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரில் உள்ளது. 2024ஆம் ஆண்டு முதல் அந்நகருக்கு ‘ஸ்ரீ விஜயபுரம்’ என்பது பெயர். கடல்சார் ஆய்வு அங்குக் கற்பிக்கப்பெறும் துறைகளுள் ஒன்று.

இவ்வளாகங்களின் அமைவிடத்தை எண்ணிப் பாருங்கள். காரைக்கால், காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலிற் கலக்கும் இடம். நீர்ப்பாசனத்தில் உண்மையாகவே கடைமடை. அந்தமானோ புதுச்சேரியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இணையத்தைப் பொறுத்தவரை அதுவே நெடுங்காலம் கடைமடையாக இருந்தது.

தரைவழியே கம்பிவடம் செல்ல இயலாத தீவுகள், செயற்கைக்கோளை நம்பியிருந்தன. தகவல் தொடர்புக்குப் பயன்படும் புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு செய்தி மேலே சென்று கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில், சென்றாலும் கால் நொடியளவு கழியும்; வினா சென்று விடை வர அரை நொடி. ஆசிரியரும் மாணவரும் உரையாடும் நேரலை வகுப்பில் இத்தாமதம் ஒருவர் பேச்சை மற்றவர் இடைமறிக்கும்படி செய்யும். அன்றியும் செயற்கைக்கோள் வழியே கிடைக்கும் கொள்ளளவு குறைவு; செலவு மிகுதி.

இந்நிலையை மாற்றுவதற்காகச் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் பதிக்கப்பெற்றது. 2018ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற அத்திட்டம், 2020ஆம் ஆண்டு ஆகத்து 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்றது. கார் நிக்கோபார், சிறிய அந்தமான், பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளும் அதனால் இணைந்தன. ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே 1,400 கிலோமீட்டரைக் கடக்க நொடியின் நூறில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

கடல் கடந்து வெள்ளம் கரை சேர்ந்தது. இனி, கரையிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரி வாயிலிலிருந்து வகுப்பறைக்கும் அது செல்ல வேண்டும். அணை திறந்த பின்னரும் வாய்க்கால் வேலை எஞ்சியிருப்பதைப்போல, ஒவ்வொரு கல்லூரியும் தன் எல்லைக்குள் செய்துகொள்ள வேண்டிய வேலை எஞ்சியிருக்கிறது.

5. வலையமைப்பின் உறுப்புகள்

வளாகத்தின் வலையமைப்பு மூன்று நிலைகளையுடையது. முதலாவது மையநிலை. வெளி இணைப்பு வந்து சேரும் இடமும், வளாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலிமை மிக்க கருவிகளும் இதில் அடங்கும். இது பேராற்றைப் போன்றது. இரண்டாவது பகிர்வுநிலை. ஒவ்வொரு கட்டடத்திற்கும் பிரித்து அனுப்புவது இதன் பணி. இது வாய்க்காலைப் போன்றது. மூன்றாவது அணுகுநிலை. மாணவரின் கணினியும் கைப்பேசியும் வந்து இணையும் இடம், இதுவே மடை.

இந்நிலைகளில் தகவலைப் பிரித்து உரிய இடத்திற்கு அனுப்பும் பெட்டிக்குச் ‘சுவிட்ச்’ என்று பெயர். மின்விளக்கை ஏற்றும் சுவிட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அஞ்சலகத்தில் மடல்களை முகவரி பார்த்துப் பிரிப்பவரைப்போல இது தகவற் பொட்டலங்களைப் பிரிக்கிறது.

இவற்றை இணைக்கும் வடங்கள் இருவகை. செப்புக் கம்பிவடம் ஒன்று. அதனை 100 மீட்டர் வரையே நம்பிப் பயன்படுத்தலாம். ஒளியிழை மற்றொன்று, அது பல கிலோமீட்டர் செல்லும். நெடுந்தொலைவு செல்லும் ஒளியிழையில் ஒளி பாயும் உள்ளகத்தின் குறுக்களவு ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர்தான்; தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. தூய கண்ணாடி இழையால் தகவலை நெடுந்தொலைவு அனுப்ப இயலும் என்று 1966ஆம் ஆண்டு எடுத்துக்காட்டிய சார்லசு காவ் என்பார்க்கு 2009ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

கட்டடத்திற்கும் கட்டடத்திற்கும் இடையே ஒளியிழையையே பதிக்க வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மழைக்காலத்தில் அருகில் இடி விழுந்தால், செப்புக் கம்பி வழியே பாயும் மின்னழுத்தம் இரு முனைகளிலும் உள்ள கருவிகளை எரித்துவிடக்கூடும். ஒளியிழையில் அத்தீங்கு இல்லை.

6. ஒரு கணக்கு

வலையமைப்பைப் புதுப்பிப்போர் பெரும்பாலும் எங்கே தடுமாறுகின்றனர் என்பதை ஒரு கணக்கால் உணரலாம். மூன்று வளாகங்களைக் கொண்ட ஒரு கல்லூரியைக் கற்பனையாக எண்ணிக்கொள்வோம். முதன்மை வளாகத்திற்கு நொடிக்கு 1,000 மெகாபிட் இணைய இணைப்பு உண்டு. மூன்றாம் வளாகம் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதனை முதன்மை வளாகத்துடன் இணைக்கும் வழியின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட்.

காலை 11 மணி. மூன்றாம் வளாகத்தின் அறிவியல் கட்டடத்தில் 200 மாணவர்கள் ஒரே நேரத்தில் நேரலை விரிவுரை ஒன்றைக் காண்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் நொடிக்கு 2 மெகாபிட் வேண்டும். ஆகமொத்தத் தேவை 400 மெகாபிட். இருப்பதோ 100. ஆளுக்கு அரை மெகாபிட்டே கிடைக்கும். படம் உறையும், குரல் அறுபடும்.

குறையைக் கேட்ட நிருவாகம், பெரும்பொருள் செலவிட்டு முதன்மை வளாகத்தின் இணைப்பை 1,000 மெகாபிட்டிலிருந்து 10,000 மெகாபிட்டாக உயர்த்துகிறது. திறப்பு விழாவும் நடைபெறுகிறது. மூன்றாம் வளாக மாணவர்க்கு இப்போது எவ்வளவு கிடைக்கும்? அதே அரை மெகாபிட்தான். அணையை உயர்த்தினர், வாய்க்காலை வெட்டவில்லை.

பின்னர் வளாகங்களுக்கு இடையே உள்ள வழியை 1,000 மெகாபிட்டாக உயர்த்துகின்றனர். தேவையோ 400. இனிக் குறையிராது என்று எல்லாரும் எண்ணுகின்றனர். ஆயினும் படம் உறைகிறது. காரணம் யாது? அறிவியல் கட்டடத்திற்கு வரும் பழைய சுவிட்சின் வேகம் 100 மெகாபிட். இறுதியில் ஒரு பழுதுற்ற மதகு. விலையில் மிகக் குறைந்த அப்பெட்டியை மாற்றிய பின்னரே ஒவ்வொரு மாணவர்க்கும் 2 மெகாபிட் கிடைக்கிறது.

இக்கணக்குக் காட்டும் விதி எளிது: ஒரு வழியின் வேகம், அவ்வழியில் உள்ள மிகக் குறுகிய இடத்தின் வேகமே. அக்குறுகிய இடத்தை அறியாமல் செய்யும் செலவு, கடைமடைக்குப் பயன்படாது.

7. புதுப்பிக்கும் முறை

முதலாவது வேலை அளத்தல். எல்லா வளாகங்களிலும், எல்லாக் கட்டடங்களிலும், மாணவர் மிகுதியாகப் பயன்படுத்தும் நேரத்தில் அளக்க வேண்டும். விடுமுறை நாளில் அளந்த அளவு பயன்தராது. முதல்வர் அறையில் அளந்த அளவும் அத்தகையதே. தொலைவில் உள்ள வளாகத்தின் மேல்மாடியில், கடைசி இருக்கையில் அமர்ந்து அளக்க வேண்டும்.

இரண்டாவது வேலை வரைபடம் வரைதல். எந்த வடம் எங்கிருந்து எங்குச் செல்கிறது, எந்தப் பெட்டி எத்தனை ஆண்டுப் பழையது என்பனவற்றை எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும் அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும். இஃது இல்லாவிடில், அமைத்தவர் பணிமாறிச் சென்றபின் பழுது பார்க்க வருபவர் இருட்டில் துழாவுவார்.

மூன்றாவது, மாற்றுவழி. மூன்று வளாகங்களையும் ஒரே நேர்க்கோட்டில் இணைத்தால், இடையில் எவரேனும் சாலையைத் தோண்டும்போது வடம் அறுபட்டு, அதற்கப்பால் உள்ள வளாகம் துண்டிக்கப்படும். வளையம்போல் இணைத்தால் ஒருபுறம் அறுந்தாலும் மறுபுறம் வழியாகத் தகவல் செல்லும்.

நான்காவது, பாதுகாப்பு. மதிப்பெண் பட்டியலும் கட்டணக் கணக்கும் செல்லும் பாதையையும், விருந்தினர் பயன்படுத்தும் வைஃபையையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். ஒரே வடத்தில் சென்றாலும் அவற்றைப் பிரித்து நடத்தும் வசதி இக்காலச் சுவிட்சுகளில் உண்டு.

ஐந்தாவது, மின்சாரம். சிற்றூர் வளாகத்தில் மின்தடை ஏற்படின், கணினி இயங்கியும் சுவிட்ச் அணைந்துவிட்டால் பயனில்லை. ஆதலின் ஒவ்வொரு சுவிட்சுக்கும் யூ.பி.எஸ். என்னும் மின்காப்புக் கருவி வேண்டும்.

ஆறாவது, வைஃபையை நிறுவுவதில் கருத்து. கம்பியில்லா இணைப்பில் காற்றுவெளி பொதுவானது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவி பேசினால்தான் தெளிவாகக் கேட்கும். அன்று அவாய்த் தீவுகளில் மோதிய பொட்டலங்களைப்போலவே இன்றும் நெரிசல் மிகுந்த கூடத்தில் பொட்டலங்கள் மோதுகின்றன. எனவே நூறு பேர் அமரும் கூடத்திற்கு ஒரே வைஃபைப் பெட்டி போதும் என்று எண்ணலாகாது.

இறுதியாக, மாற்றும் நாள். தேர்வுக் காலத்திலும் சேர்க்கைக் காலத்திலும் வலையமைப்பில் கைவைக்கலாகாது. எந்நாளில், எவ்வளவு நேரம் இணைப்பு இராது என்பதை எல்லா வளாகங்களுக்கும் முன்னதாக அறிவிக்க வேண்டும். புதியது செவ்வனே இயங்குவதை உறுதிசெய்யும்வரை பழையதைப் பிரித்தெடுக்கலாகாது.

8. நேர்மையும் ஓர் அளவுகோல்

புதிய கருவிகள் வந்ததும் அவற்றை முதன்மை வளாகத்தில் நிறுவிவிட்டு, அங்கே கழிக்கப்பெற்ற பழைய கருவிகளைச் சிறிய வளாகத்திற்கு அனுப்புதல் பலவிடங்களில் காணப்பெறும் வழக்கம். ‘அங்கே மாணவர் குறைவுதானே’ என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் பெருநகரில் உள்ள மாணவர்க்குக் கல்லூரி இணைப்பு தடைப்பட்டால் வேறு வழிகள் உண்டு; வீட்டில் இணைப்பு இருக்கும், அருகில் நூலகம் இருக்கும், கைப்பேசிக் கோபுரம் இருக்கும். தொலைவில் உள்ள சிற்றூர் மாணவிக்கோ கல்லூரி இணைப்பே ஒரே வழியாக இருக்கக்கூடும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் அவ்விணைப்பு அறுந்தால், அவள் இழப்பது ஒரு காணொலியை அன்று. ஓராண்டுப் படிப்பை இழக்கவும் நேரலாம்.

கட்டணம் செலுத்துவதிலும் தேர்வு எழுதுவதிலும் எல்லா வளாக மாணவரும் ஒன்றே. அவர்கள் பெறும் பட்டத்திலும் ஒரே கல்லூரியின் பெயர்தான் பொறிக்கப்படுகிறது. பட்டம் ஒன்றாயின், அதனைப் பெறுவதற்குரிய வசதியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே விலையுள்ள கருவி வேண்டும் என்பது இதன் பொருளன்று. அறுபது பேர் உள்ள கட்டடத்திற்கு அறுநூறு பேருக்குரிய கருவி வீண். ஒவ்வொரு மாணவர்க்கும் வேண்டிய அளவு, வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதே பொருள். நீர்ப்பங்கீட்டிலும் முறை அதுதான்: எல்லா மடையும் ஒரே அகலமாக இருக்க வேண்டியதில்லை, எந்த வயலும் காயாமல் இருக்க வேண்டும்.

எனவே, ஒரு கல்லூரியின் வலையமைப்பு புதுப்பிக்கப்பெற்றதா என்று எவரேனும் உங்களிடம் எதிர்காலத்தில் வினவினால், வாங்கிய கருவிகளின் பட்டியலை நோக்காதீர்கள். மிகத் தொலைவில் உள்ள வளாகத்திற்குச் சென்று, கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவரிடம் கேளுங்கள்.

அருஞ்சொற்பொருள்

கடைமடை – வாய்க்காலின் இறுதியில் உள்ள பாசன வழி
தலைமடை – வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள பாசன வழி
மதகு – நீரைத் திறக்கவும் அடைக்கவும் உதவும் அமைப்பு
தூர்தல் – மண் நிறைந்து மேடாதல்
வலையமைப்பு – கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஏற்பாடு
ஒளியிழை – ஒளியின் வழியே தகவலைக் கடத்தும் கண்ணாடி இழை
கொள்ளளவு – ஏற்கும் அளவு
செவ்வனே – நன்றாக

மதிப்பீடு

அ) பொருத்தமான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. அலோகாநெட் தகவலை அனுப்பப் பயன்படுத்தியது
 (அ) ஒளியிழை (ஆ) வானொலி அலை (இ) தொலைபேசிக் கம்பி (ஈ) கடலடி வடம்

2. செப்புக் கம்பிவடத்தை நம்பிப் பயன்படுத்தத்தக்க தொலைவு
 (அ) 10 மீட்டர் (ஆ) 100 மீட்டர் (இ) 1 கிலோமீட்டர் (ஈ) 40 கிலோமீட்டர்

3. மாணவரின் கணினி வந்து இணையும் நிலை
 (அ) மையநிலை (ஆ) பகிர்வுநிலை (இ) அணுகுநிலை (ஈ) புவிநிலை

ஆ) பிரித்து எழுதுக.

வலையமைப்பு, ஒளியிழை, கடலடி, முன்னறிவிப்பு

இ) குறுவினா

1. ‘கடைமடை’ என்னும் சொல்லின் பொருள் யாது?
2. அலோகாநெட்டில் பொட்டலங்கள் மோதினால் நிலையங்கள் என்ன செய்யும்?
3. கட்டடங்களுக்கு இடையே ஒளியிழை பதிப்பதற்குரிய காரணங்கள் இரண்டு கூறுக.

ஈ) சிறுவினா

1. ஒரு கல்லூரியின் வெளி இணைப்பு 2,000 மெகாபிட். வளாகங்களுக்கு இடையே உள்ள வழி 500 மெகாபிட். கட்டடத்தின் சுவிட்ச் 100 மெகாபிட். அக்கட்டடத்தில் 50 மாணவர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? முதலில் எதனை மாற்றுவீர்? காரணம் தருக.
2. செயற்கைக்கோள் இணைப்பில் தாமதம் ஏற்படுவது ஏன்? எண்களுடன் விளக்குக.

உ) நெடுவினா

‘வலையமைப்பின் வெற்றியைக் கடைமடையில் நின்றே அளக்க வேண்டும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.

ஊ) கற்பவை கற்றபின்

1. மடை, மதகு, வாய்க்கால், கண்மாய், ஏரி ஆகிய சொற்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கூறி, அவர்கள் ஊரில் அவை எவ்வாறு வழங்கின என்று கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. அவர்கள் வேறு சொல் கூறினால் அதனையும் குறித்துக்கொள்க.
2. ஆசிரியரின் இசைவுடன் உங்கள் பள்ளியின் கணினி அறையைப் பார்வையிட்டு, வெளியிலிருந்து வரும் இணைப்பு கடைசிக் கணினியை அடையும் வழியைப் படமாக வரைந்து, உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் எழுதுக.
3. நீங்கள் ஒரு சிற்றூர் வளாகத்தின் மாணவர் எனக் கொண்டு, இணைப்புக் குறையை நீக்குமாறு கல்லூரி முதல்வர்க்கு ஒரு விண்ணப்பம் வரைக. அளந்த நேரம், அளந்த இடம், கிடைத்த வேகம் ஆகியன அதில் இடம்பெறல் வேண்டும்.